சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார மந்திரி

நோய் வந்தால் பணக்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். ஏழை மடியைத் தொட்டுப் பார்க்கிறான். டாக்டரைக் கூப்பிடலாமா, வேண்டாமா என்பதை ஏழை வீட்டில் காய்ச்சலின் கடுமை தீர்மானிப்பதில்லை. கையிருப்பிலுள்ள காசுதான் தீர்மானிக்கிறது. இது பின்தங்கிய நாடுகளின் கதை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிய பிரிட்டனிலேயே, 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் தேதி இரவு வரை இதுதான் நிலைமை. உலகத்துக்கே துணியும் இரும்பும் ஏற்றுமதி செய்த நாட்டில், அந்தத் துணியை நெய்தவனும் அந்த இரும்பை உருக்கியவனும் தன் மனைவியின் மருத்துவத்துக்குக் கடன் வாங்கினான்.

அந்த நிலைமைக்கு முடிவு கட்டியவர் பிரபுக்கள் வம்சத்திலே பிறந்தவரல்லர். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துப் பட்டம் பெற்றவருமல்லர். பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சிறு வயதில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் வாய் திக்கியவர். அவர்தான் அனைரின் பெவான்.

தேர்தலில் நின்று வோட்டுக் கேட்கும் ஊழியருக்கும், வோட்டுப் போடும் தொழிலாளிக்கும் பெவானுடைய வாழ்க்கை ஒரு நல்ல பாடப் புத்தகம். மக்களுக்கு வேண்டிய பணிகளைச் சர்க்கார் ஏன் ஏற்க வேண்டும்? ஏற்றால் அதை எந்த முறையில் நடத்த வேண்டும்? நடத்தத் தொடங்கியதை எப்படிக் காப்பாற்ற வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் அவர் வாழ்க்கையில் விடை கிடைக்கிறது.

கம்பெனியின் ஊர்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், மலைகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்குகள் பல. அவற்றில் ஒன்றில் இருக்கும் ஊர் டிரெடிகார். இரும்பும் நிலக்கரியுந்தான் அந்த ஊரைப் படைத்தன. ஊருக்கே வேலை கொடுப்பது ஒரே கம்பெனி. ஆகவே ஊரார் வாழ்வும் சாவும் அந்தக் கம்பெனியின் கையில். 1897-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பெவான் பிறந்தார். தந்தை டேவிட், தாய் பீபி. பெற்ற பிள்ளைகள் பத்து. பத்தும் வளர்ந்து ஆளாகவில்லை. தொழிலாளர் குடும்பங்களில் தொட்டிலும் சவப்பெட்டியும் அடுத்தடுத்து வருவது அந்தக் காலத்தில் சகஜம்.

பள்ளிக்கூடம் பெவானுக்குச் சிறைச்சாலையாகவே இருந்தது. திக்குவாய்ப் பிள்ளை என்று கேலி. தலைமை ஆசிரியரின் கொடுமை. பதின்மூன்றாம் வயதில் படிப்பு முடிந்தது. சுரங்க வேலை தொடங்கியது. பகலெல்லாம் பூமிக்கு அடியில் இருட்டில் வேலை. வேலை முடிந்து மேலே வந்ததும் அவர் ஓடிய இடம் புத்தகசாலை. அது தர்மப் பிரபு யாரும் கட்டிக்கொடுத்த புத்தகசாலை அல்ல. சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு கொடுத்துத் தாங்களே அமைத்துக்கொண்டது. அரசியலும் பொருளாதாரமும் தத்துவமும் அங்கேதான் அவருக்கு வசப்பட்டன.

திக்குவாயையும் அவர் விட்டுவைக்கவில்லை. கூட்டங்களில் வலிய எழுந்து பேசினார். ஒரு சொல் நாக்கில் சிக்கினால் அதே பொருள்தரும் வேறு சொல்லைத் தேடிப் பிடித்தார். இப்படித் தேடித் தேடியே சொற்களஞ்சியம் பெருகியது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். திக்கித் திக்கிப் பேசிய அந்த ஏழைப் பையன், பின்னாளில் சர்ச்சிலுக்கு எதிரே நின்று சரிக்குச் சரி வாதாடினார். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் தலைசிறந்த பேச்சாளர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்.

தந்தையின் மூச்சு

இளம் வயதிலேயே சுரங்கத் தொழிலாளர் சங்கக் கிளைக்குத் தலைவரானார். 1919-இல் சங்கத்தின் உதவியோடு லண்டனிலிருந்த தொழிலாளர் கல்லூரிக்குச் சென்று இரண்டாண்டு படித்தார். படித்துவிட்டு ஊர் திரும்பியவருக்குக் கம்பெனி வேலை தரவில்லை. சங்கம் பேசுகிறவனுக்குக் கதவை அடைப்பது முதலாளிகளுக்குப் புதிய பழக்கமா என்ன? ஆண்டுக்கணக்கில் வேலையில்லாத் திண்டாட்டத்தில் உழன்றார்.

1925-இல் தந்தை இறந்தார். ஆயுளெல்லாம் சுவாசித்த நிலக்கரித் தூசு நுரையீரலை அடைத்துவிட்டது. மகனின் கரங்களிலேயே அவர் மூச்சு அடங்கியது. நஷ்ட ஈடு ஒரு காசும் இல்லை. காரணம், அந்த நோய் அன்று சட்டத்தின் பட்டியலில் இடம் பெறவில்லை! சுரங்கம் கொடுத்த நோய். சுரங்கத்தின் இலாபத்துக்காக வந்த நோய். ஆனால் அதன் செலவு மட்டும் தொழிலாளி வீட்டுக் கணக்கில். இந்தக் கணக்கு நியாயமா என்ற கேள்வி பெவானின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

ஊர் கற்றுக்கொடுத்த வழி

அந்தக் கேள்விக்கு ஒரு பாதி விடையை அவருடைய ஊரே வைத்திருந்தது. டிரெடிகார் தொழிலாளர்கள் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்தி வந்தார்கள். வாரக் கூலியில் பவுனுக்குச் சில பென்னி வீதம் ஒவ்வொருவரும் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் சங்கம் டாக்டர்களைச் சம்பளத்துக்கு வைத்தது, நர்சுகளை வைத்தது, ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்தது, பல்லும் கண்ணும் பார்க்க வழி செய்தது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவன் மனைவி மக்களுக்கும் மருத்துவம் கிடைத்தது. ஊர் மக்களில் ஏறத்தாழ எல்லோரும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டார்கள். பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஏ. ஜே. குரோனின் 1920-களில் அந்தச் சங்கத்தின் டாக்டராக வேலை பார்த்தவர். 1937-இல் அவர் வெளியிட்ட ‘சிட்டாடல்’ நாவலுக்கு அந்த அனுபவம் பயன்பட்டது.

பெவானும் தோழர்களும் ‘கேள்விக் கழகம்’ என்று ஓர் இளைஞர் குழு அமைத்தார்கள். சட்டையில் கேள்விக்குறிச் சின்னம். வேலை என்ன? எதையும் ஏன் என்று கேட்பது. கேட்டதோடு நில்லாமல் ஊரின் பொது அமைப்புகளுக்குள் புகுந்து பொறுப்பேற்பது. சங்கக் கிளை, புத்தகசாலை, மருத்துவ உதவிச் சங்கம், நகர சபை என்று ஒவ்வொன்றிலும் அந்த இளைஞர்கள் நுழைந்தார்கள். மேடையில் முழங்குவதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆஸ்பத்திரிக் கமிட்டியில் உட்கார்ந்து படுக்கை எத்தனை, பாக்கி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். தேசத்துக்கே மருத்துவத் திட்டம் வகுத்தவர் பயிற்சி பெற்ற இடம் அந்தக் கமிட்டி மேஜைதான்.

1922-இல் நகர சபை அங்கத்தினர். 1928-இல் மாவட்ட சபை அங்கத்தினர். 1929-இல் எப்பு வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சியின் பார்லிமெண்டு உறுப்பினர். இந்தப் பயணத்தைப் பற்றி அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனாராம். நகர சபைக்குப் போனால், அது மாவட்ட சபைக்குப் போய்விட்டது என்றார்களாம். மாவட்ட சபைக்குப் போனால், அங்கேயும் அதன் நிழல்தான் மூலையில் திரும்பியதாம். வேடிக்கைக்குள்ளே ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஏழைக்கு நன்மை செய்ய நல்ல மனம் மட்டும் போதாது. பணமும் சட்டமும் எந்த இடத்தில் இருக்கின்றனவோ அந்த இடத்துக்குப் போயாக வேண்டும்.

பார்லிமெண்டில் அவர் சந்தித்தது பெரும் பொருளாதார மந்தம். வேலையில்லாதவனுக்குப் பிச்சைக் காசு கொடுப்பதற்கு முன்னால், அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து யார் யாருக்கு என்ன வருமானம் என்று சோதனை போட்டார்கள். மகன் சம்பாதித்தால் தகப்பனுக்கு வெட்டு. இந்தச் சோதனை முறையைப் பெவான் மூர்க்கமாக எதிர்த்தார். உதவி என்ற பெயரால் மானத்தைப் பறிக்கும் எந்த முறையும் அவருக்கு ஆகாது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவருடைய பிற்காலத் திட்டத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. 1934-இல் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளும் பார்லிமெண்டில் இருந்தவருமான ஜென்னி லீயை மணந்தார். பாசிசத்துக்கு எதிராக எல்லா முற்போக்குச் சக்திகளும் ஒன்றுசேர வேண்டும் என்று வாதாடியதற்காக 1939-இல் சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

அன்றைய பிரிட்டன்

யுத்தம் முடிந்த 1945-இல் பிரிட்டனின் மருத்துவ நிலை என்ன? லாயிட் ஜார்ஜ் 1911-இல் கொண்டுவந்த இன்ஷ்யூரன்ஸ் சட்டம் குறைந்த சம்பளத் தொழிலாளிக்கு டாக்டரைக் கொடுத்தது. அவன் மனைவிக்குக் கொடுக்கவில்லை, குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்கவில்லை. ஆகவே வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் தாய் தன் நோயை மறைத்தாள். பல்லில் வலி வந்தால் பொறுத்தார்கள். கண் மங்கினால், மலிவு விலைக் கடையில் குவித்து வைத்திருந்த கண்ணாடிகளில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிகள் இரண்டு வகை. 1,143 தர்ம ஆஸ்பத்திரிகள். 1,545 உள்ளாட்சி ஆஸ்பத்திரிகள். தர்ம ஆஸ்பத்திரிகள் பெயரளவில் தர்மம். உண்மையிலோ, கொடி விற்று, உண்டியல் குலுக்கி, சீமான்களின் நன்கொடையை எதிர்பார்த்து நடந்தன. நோயாளி படுத்திருக்கும்போதே எவ்வளவு கொடுக்க முடியும் என்று விசாரிக்க ஒரு அலுவலர் உண்டு. உள்ளாட்சி ஆஸ்பத்திரிகளிலோ, பல பழைய ஏழை விடுதிகளின் வாரிசுகள். செல்வம் மிகுந்த வட்டாரங்களில் டாக்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நோய் மிகுந்த தொழிலாளர் வட்டாரங்களில் டாக்டர் பஞ்சம்.

மாற்றம் வேண்டும் என்பதை யுத்த காலத்திலேயே பலர் உணர்ந்தார்கள். லிபரல் கட்சிக்காரரான பெவரிட்ஜ் 1942-இல் வெளியிட்ட அறிக்கை, எல்லோருக்கும் மருத்துவம் என்ற கொள்கையை ஒப்புக்கொண்டது. யுத்தகாலக் கூட்டு மந்திரிசபையும் 1944-இல் ஒரு திட்டம் தீட்டியது. எழுத்திலே திட்டம் இருந்தது; அதை எதிர்ப்புக்கு நடுவே சட்டமாக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

1945 ஜூலை 26-ஆம் நாள் வெளியான தேர்தல் முடிவில் தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். யுத்தத்தை வென்ற சர்ச்சில் வோட்டுப் பெட்டியில் தோற்றார். பிரதம மந்திரி அட்லி, எல்லோரும் வியக்கும்படி, மந்திரி பதவியே வகித்திராத நாற்பத்தேழு வயதுப் பெவானைச் சுகாதார மந்திரியாக்கினார். மந்திரிசபையில் அவர்தான் வயதில் இளையவர்.

அவருடைய வாதம்

பெவான் வைத்த வாதம் என்ன? தொழிலாளத் தோழர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்; ஏனெனில் இந்த வாதம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

முதலாவது, நோய் யாருடைய குற்றமும் அல்ல. யாரும் விரும்பி வாங்கும் பண்டமும் அல்ல. துணி வாங்குகிறவன் விலை பேசலாம், நாளைக்கு வாங்கலாம் என்று திரும்பலாம். குடல் வெடிக்கும் நிலையிலிருப்பவன் விலை பேச முடியுமா? ஆகவே சந்தை முறைக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது, இன்ஷ்யூரன்ஸ் சந்தா கட்டியவனுக்கு மட்டும் மருத்துவம் என்றால், சந்தா கட்ட முடியாதவன்தானே முதலில் வெளியே நிற்பான்? அவனுக்குத்தானே நோயும் அதிகம்? ஆகவே பணம் பொது வரியிலிருந்து வர வேண்டும். வருமானம் உள்ளவன் உடல்நலத்தோடு இருக்கும்போது வரியாகக் கொடுக்கட்டும். நோய் வந்தவன் காசு பற்றிய கவலையில்லாமல் படுக்கட்டும்.

மூன்றாவது, ஏழைக்கு மட்டும் இலவசம் என்று வைத்தால், யார் ஏழை என்று சோதிக்க வேண்டி வரும். மீண்டும் அந்த மானங்கெட்ட விசாரணை! அதோடு, ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட எதுவும் நாளடைவில் ஏழ்மையான தரத்துக்கே இறங்கிவிடும். பக்கத்துப் படுக்கையில் வக்கீலும் வாத்தியாரும் படுத்தால்தான், வார்டின் ஜன்னல் உடைந்தால் கேட்க ஆள் இருக்கும். ஆகவே எல்லோருக்கும் ஒரே சேவை.

நான்காவது, பணக்கார ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரி, ஏழை ஊருக்கு ஓட்டை ஆஸ்பத்திரி என்ற நிலை உள்ளாட்சி வரியை நம்பியிருக்கும் வரை மாறாது. ஆகவே ஆஸ்பத்திரிகளை நாடே ஏற்க வேண்டும்.

இந்த நான்காவது வாதத்துக்கு மந்திரிசபைக்குள்ளேயே எதிர்ப்பு. லண்டன் நகராட்சியில் பேர்பெற்ற ஹெர்பர்ட் மோரிசன், உள்ளாட்சிகளிடமிருந்து ஆஸ்பத்திரிகளைப் பறிக்கக் கூடாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சபைகளின் கண்காணிப்புப் போய்விடுமே என்பது அவர் கவலை. அட்லி பெவான் பக்கம் நின்றார். 2,688 ஆஸ்பத்திரிகளும் நாட்டின் உடைமையாயின. டிரெடிகார் ஊரார் தங்களுக்குச் செய்துகொண்டதை நாடு முழுமைக்கும் பெவான் செய்தார். அதோடு, சந்தா என்ற வேலியையும் அகற்றிவிட்டார்.

டாக்டர்களோடு யுத்தம்

1946 நவம்பரில் மசோதா சட்டமாயிற்று. கன்சர்வேடிவ் கட்சி எதிர்த்து வோட்டுப் போட்டது. அதைவிடக் கடும் எதிர்ப்பு பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்திடமிருந்து வந்தது. சர்க்கார் குமாஸ்தாக்களாக மாறிவிடுவோம் என்று டாக்டர்கள் பயந்தார்கள். பயத்தைத் தலைவர்கள் வளர்த்தார்கள். சங்கத்தின் பழைய காரியதரிசி ஒருவர் இந்தத் திட்டத்தை நாஜி ஆட்சியோடு ஒப்பிடும் அளவுக்குப் போனார்! 1948 பிப்ரவரியில் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் எதிர்ப்பு 40,814, ஆதரவு 4,735. சேவை தொடங்க இருந்ததோ இன்னும் ஐந்தே மாதம்.

பெவான் என்ன செய்தார்? எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதைப் பிரித்துப் பார்த்தார். சட்டத்தைத் திருத்தினாலன்றி டாக்டர்களை முழுச் சம்பளக்காரர்களாக மாற்ற மாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தார். பெரிய நிபுணர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே சில படுக்கைகளில் தனி நோயாளிகளைப் பார்த்துக் காசு வாங்கிக்கொள்ள இடம் கொடுத்தார். தொழிலை விலைக்கு விற்கும் பழக்கத்தை ஒழித்ததற்காக 6 கோடியே 60 இலட்சம் பவுன் நஷ்ட ஈடு ஒதுக்கினார். ராயல் மருத்துவக் கல்லூரித் தலைவரும் சர்ச்சிலின் சொந்த டாக்டருமான மோரன் பிரபுவோடு பேசிப் பேசி நிபுணர்களைத் தம் பக்கம் இழுத்தார். எதிரணி பிளந்தது. நோயாளியிடம் காசு வாங்குவதில்லை, எல்லோருக்கும் உண்டு, பணம் வரியிலிருந்து என்ற மூன்றில் மட்டும் ஓர் அங்குலமும் நகரவில்லை.

தனிப் படுக்கைகளைக் கொடுத்தது தவறு என்று இடதுசாரித் தோழர்கள் அன்றே குறை சொன்னார்கள். குறையில் உண்மை உண்டு. ஒரே கூரையின் கீழ் காசு கொடுப்பவனுக்கு ஒரு வரிசை, கொடுக்காதவனுக்கு ஒரு வரிசை என்ற வழக்கு அதனால் நெடுங்காலம் நீடித்தது. ஆனால் நிபுணர்கள் வெளியே நின்றிருந்தால் சேவை தொடங்கிய அன்றே முடங்கியிருக்கும் என்பதும் உண்மை. கொள்கையைக் காப்பதற்காகக் கொடுத்த விலை அது.

குணத்திலும் குறை உண்டு. சேவை தொடங்குவதற்கு முந்தின நாள், மான்செஸ்டர் கூட்டத்தில், தம் இளமைப் பசியை நினைத்துப் பொங்கி, டோரிகளை மிகக் கேவலமான சொல்லால் ஏசிவிட்டார். மறுநாள் பத்திரிகைகளில் சேவையைப் பற்றிய பேச்சைவிட அந்தச் சொல்லைப் பற்றிய பேச்சே பெரிதாயிற்று. அட்லி கடிந்துகொண்டார். நாவில் ஒரு கணம் தவறிய சொல்லை எதிரி ஆண்டுக்கணக்கில் விற்றுக் காசாக்குவான் என்பதற்கு அது ஒரு சான்று.

அந்த ஜூலை 5

1948 ஜூலை 5, திங்கட்கிழமை. மான்செஸ்டருக்கு அருகே டேவிஹியூம் பார்க் ஆஸ்பத்திரியில் பெவான் சேவையைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கே மக்களில் நான்கில் மூன்று பங்கினர் டாக்டர்களிடம் பதிவு செய்திருந்தார்கள். சில மாதங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எதிர்த்து வோட்டுப் போட்ட டாக்டர்களிலும் பெரும்பாலோர் சேர்ந்துவிட்டார்கள்.

கதவு திறந்ததும் வெளிவந்தது எது? ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்த வேதனை! பிரசவத்துக்குப் பிறகு கருப்பை இறங்கிப்போய், அதோடேயே வீட்டுவேலை செய்துவந்த தாய்மார்கள் வந்தார்கள். பல்லே இல்லாத வாயோடு கிழவர்கள் வந்தார்கள். மூக்குக் கண்ணாடிக்கு இலட்சக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. போட்ட மதிப்பீட்டைச் செலவு தாண்டியது. பார், இலவசம் என்றதும் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று பணக்காரப் பத்திரிகைகள் பரிகசித்தன. கண் தெரியாதவன் கண்ணாடி கேட்பது பேராசையா? அதுவரை கேட்காமலிருந்ததுதான் நாட்டின் அவமானம். அன்னிய நாட்டார் வந்து இலவச மருத்துவம் பெறுகிறார்கள் என்றும் கூச்சல் எழுந்தது. ஒவ்வொருவனையும் நிறுத்தி நீ எந்த ஊர் என்று விசாரிக்க ஆகும் செலவும் தொல்லையும், அந்தச் சிலரைப் பார்த்து அனுப்புவதைவிட அதிகம் என்று பெவான் கணக்குக் காட்டினார்.

வீடு கட்டும் பொறுப்பும் அவருடைய இலாகாவில்தான் இருந்தது. குண்டு வீச்சில் இலட்சக்கணக்கான வீடுகள் இடிந்த காலம். மரமில்லை, இரும்பில்லை, டாலர் இல்லை. அப்போதும், தொழிலாளிக்கு இது போதும் என்று சின்ன வீடு கட்ட அவர் சம்மதிக்கவில்லை. மூன்று படுக்கையறை வீட்டுக்கு 900 சதுர அடி. மாடியிலும் கீழேயும் கக்கூஸ். எண்ணிக்கை போதவில்லை என்று எதிரிகள் தூற்றினார்கள். பஞ்சம் தீரவில்லை என்பதும் மெய்யே. ஆனாலும் தொழிற்கட்சி ஆட்சியின் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் நிலையான வீடுகள் எழுந்தன. பெரும்பகுதி உள்ளாட்சிகள் கட்டி வாடகைக்கு விட்டவை. பின்னால் வந்த கன்சர்வேடிவ் சர்க்கார் எண்ணிக்கையைக் கூட்டியது. வீட்டின் அளவைக் குறைத்தது.

கண்ணாடிக்காகத் துறந்த பதவி

1951-இல் வந்தது சோதனை. கொரியாவில் யுத்தம். மூன்றாண்டில் ஆயுதங்களுக்கு 470 கோடி பவுன் என்று பிரிட்டன் முடிவு செய்தது. அந்தச் செலவுக்கு நடுவே நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நோயாளிகள் பாதி விலை கொடுக்க வேண்டும் என்று ஏப்ரல் பட்ஜெட்டில் அறிவித்தார். அந்த ஆண்டு அதனால் மிச்சம் எவ்வளவு? 1 கோடியே 30 இலட்சம் பவுன்! 470 கோடி எங்கே, 1 கோடியே 30 இலட்சம் எங்கே?

தொகை சின்னது என்பதனாலேயே, இதற்காகவா பதவி விலகுவது என்று பலர் கேட்டார்கள். தொகை இவ்வளவு சின்னதென்றால் கொள்கையை ஏன் உடைக்க வேண்டும் என்பது பெவானின் கேள்வி. ஒருமுறை நோயாளியிடம் கை நீட்டிவிட்டால், பிறகு நீட்டாமலிருக்கக் காரணம் இராது. இன்று கண்ணாடிக்கு, நாளை மருந்துக்கு. அவர் மந்திரி பதவியைத் துறந்தார். ஹெரால்ட் வில்சனும் ஜான் பிரீமனும் உடன் விலகினார்கள்.

அவர் சொன்னபடியே நடந்தது. அந்த ஆண்டே தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. 1952-இல் கன்சர்வேடிவ் ஆட்சி மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதித்தது. ஆயுதத் திட்டமோ, குறித்த காலத்தில் முடிக்க முடியாதது என்று சர்ச்சிலே ஒப்புக்கொண்டு தள்ளிப்போட்டார். செலவு கட்டுமீறிப் போகிறது என்ற புகாரை விசாரிக்க அதே கன்சர்வேடிவ் ஆட்சி கில்போ என்ற பொருளாதார அறிஞர் தலைமையில் கமிட்டி போட்டது. 1956-இல் வந்த அறிக்கை என்ன சொன்னது? ஊதாரித்தனம் ஏதும் காணோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் சேவையின் பங்கு 1949–50-இல் 3¾ சதவிகிதமாயிருந்தது, 1953–54-இல் 3¼ சதவிகிதமாகக் குறைந்துவிட்டது என்றது. வெட்ட வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

1964-இல் வில்சனே பிரதம மந்திரியானார். 1965-இல் மருந்துக் கட்டணத்தை ஒழித்தார். 1968-இல், நாணய நெருக்கடி என்று சொல்லி, அவரே மீண்டும் விதித்தார்! கட்டணத்தை எதிர்த்துப் பெவானோடு பதவி துறந்தவரின் கையாலேயே அது திரும்பி வந்தது. சேவையைக் காக்க நல்லவர்கள் பதவியில் இருந்தால் மட்டும் போதாது, வெளியே இருந்து மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முடிவும் தொடர்ச்சியும்

பதவிக்கு வெளியே பெவான் 1952-இல் ‘பயத்துக்குப் பதிலாக’ என்ற பொருள்படும் பெயரில் தம் கொள்கைகளை நூலாக எழுதினார். 1956-இல் சூயஸ் ஆக்கிரமிப்பை எதிர்த்து லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் முழங்கினார். 1957-இல் அணுகுண்டை பிரிட்டன் ஒருதலையாகத் துறப்பதை எதிர்த்துப் பேசித் தம் தொண்டர்களையே திகைக்க வைத்தார். அந்தப் புண் பலருக்கு ஆறவேயில்லை. 1959-இல் கட்சியின் துணைத் தலைவரானார். 1960 ஜூலை 6-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் தொடங்கிய சேவைக்கு அதற்கு முந்தின நாள்தான் பன்னிரண்டு வயது நிறைந்தது. டிரெடிகாருக்கு மேலே, தொகுதி மக்களைக் கூட்டி அவர் பேசிய மலைப்பகுதியில் கற்கள் நட்டு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். மனைவி ஜென்னி லீ பின்னர் மந்திரியாகி, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற வழிசெய்யும் திறந்தவெளிப் பல்கலைக் கழகம் 1969-இல் உருவாகக் காரணமாயிருந்தார்.

பெவான் அமைத்த சேவை இன்றும் நிற்கிறது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற டாக்டர்களும் நர்சுகளும், அவர்களில் தமிழர்களும், அதற்குத் தோள்கொடுத்து வந்திருக்கிறார்கள். அவருடைய வேல்ஸ் நாடு 2007-இல் மருந்துக் கட்டணத்தை அறவே ஒழித்தது. வட அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் பின்பற்றின. இங்கிலாந்தில் அது நீடிக்கிறது. நோயும் இல்லாமலில்லை: இங்கிலாந்தில் சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியல் 2022-இல் 70 இலட்சத்தைத் தாண்டியது. சேவையே தோற்றுவிட்டது, தனியாருக்கு விட்டுவிடலாம் என்று சொல்லச் சிலருக்கு அது வாய்ப்பாயிற்று. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவதா, வீட்டை விற்பதா? பணத்தையும் ஆட்களையும் குறைத்துவிட்டு, வரிசை நீளுகிறதே என்று கேட்பவனை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

பொதுப்பணிகளைப் பெருக்குவோம் என்று மேடையில் சொல்வது எளிது. தோழர்களே, அதைச் சொல்லப் புறப்படுகிறவர் தம் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எத்தனை நாள் மருந்து இல்லை என்ற கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். எது சலுகை, எது உரிமை என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். பேச்சுவார்த்தையில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதற்காகப் பதவியையே விடலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். டிரெடிகார் சுரங்கத் தொழிலாளி இந்த மூன்றையும் கமிட்டி மேஜையில் கற்று, மந்திரிசபையில் நடத்திக் காட்டினார். அவர் செய்து காட்டியதைச் செய்வதற்கு ஆக்ஸ்போர்டு பட்டம் தேவையில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற அனுபவம் நம் தொழிலாளிக்கு ஏராளமாக இருக்கிறது.